வண்டிக்கு நிமிடக் கணக்கு; அறிக்கைக்கு ஆண்டுக் கணக்கா?

பேட்டையிலே சென்ற மாதம் ஒரு தெருமுனைக் கூட்டம். பேசி முடித்து மேடையை விட்டு இறங்கினோம். தேநீர்க் கடை ஓரமாக நின்றிருந்த பெரியவர் ஒருவர் நம் கையைப் பற்றினார். ஆலையிலே உழைத்து ஓய்ந்தவர். பஞ்சுப் பொதி பற்றி எரிந்ததை ஒருமுறையல்ல, பலமுறை கண்ணாற் கண்டவர்.

"தம்பி, தீப்புடிச்சா வண்டி வாறதுக்கு எவ்வளவு நேரமாகும்னு கேட்டா, இத்தனை நிமிசம்னு சொல்லுதாவ. ஏன் தீப்புடிச்சுன்னு விசாரிச்சு அறிக்கை வாறதுக்கு எத்தனை நாளாகும்னு கேட்டா மட்டும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்காவளே, அது ஏன்?" என்று கேட்டார்.

நாம் அன்று ஒரு மணி நேரம் பேசினோம். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நம்மிடம் அப்போது விடை இல்லை. "விசாரித்துச் சொல்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தோம். விசாரித்ததை இங்கே எழுதுகிறோம். பெரியவர் படிக்கட்டும்; தோழர்களும் படிக்கட்டும்; கோட்டையிலே கோப்புகளைக் கட்டி வைத்திருப்போரும் படிக்கட்டும்!

வண்டிக்குக் கணக்கு உண்டு. நகரமானால் 5 முதல் 7 நிமிடத்துக்குள், நாட்டுப்புறமானால் 20 நிமிடத்துக்குள் தீயணைப்பு வண்டி போய்ச் சேர வேண்டும் என்று வல்லுநர்கள் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். 101-க்கு அழைப்பு வந்ததும் நிலையத்திலே மணி அடிக்கிறது. உண்டு கொண்டிருந்தவர் கை கழுவாமல் எழுகிறார். கண்ணயர்ந்தவர் காலணியை மாட்டிய கையோடு ஓடுகிறார். வண்டி தெருவுக்கு வந்த பிறகுதான் சட்டைப் பொத்தானைப் போடுகிறார். அந்தத் தொழிலாளி நொடிகளை எண்ணுகிறார். ஏனெனில், கூரையிலே பற்றிய நெருப்பு அவருக்காகக் காத்து நிற்காது.

தீ அணைகிறது. வண்டி திரும்புகிறது. அதன்பிறகு இன்னொரு வண்டி புறப்பட வேண்டும். அது காகித வண்டி! தீ எப்படி மூண்டது? அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தவர் யார்? கொடுக்கும்போது போய்ப் பார்த்தாரா? எந்தக் கதவு பூட்டிக் கிடந்தது? வண்டி நுழைய முடியாத சந்து எது? படைக்கு ஆள் போதுமா, கருவி போதுமா? இனி இப்படி நேராமல் இருக்க என்ன செய்வது? இத்தனைக்கும் விடை தேட வேண்டிய வண்டி அது.

அந்த வண்டிக்கு மணி இல்லை. நேரமும் இல்லை. குழு அமைப்பார்கள். குழுவுக்குக் காலத்தை நீட்டுவார்கள். அறிக்கை வந்தால் கோப்பிலே கட்டுவார்கள். கோப்பைப் பரிசீலிக்க வேறொரு குழு அமைப்பார்கள். அதற்குள்ளே வேறோர் ஊரிலே வேறொரு கூரை பற்றிக் கொள்ளும். பழைய கோப்பின் மேலே புதிய கோப்பு ஏறி அமர்ந்து கொள்ளும்!

மிகைப்படுத்துகிறோம் என்று எண்ணுகிறீர்களா? கணக்கைப் பாருங்கள். நம் நெல்லைச் சீமையிலிருந்தே தொடங்குவோம்.

175 நாட்கள்!

1979 ஜூலை 29, ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடியிலே ஒரு சினிமாக் கொட்டகையில் தீ. அன்று தூத்துக்குடி தனி மாவட்டமல்ல. 1986-ல் பிரியும் வரை திருநெல்வேலி மாவட்டத்தின் துறைமுக நகரம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அந்த ஓய்விலே ஒரு படம் என்று போனவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை. கூட்டம் கூடும் இடத்துக்குள் நெருப்பு நுழைந்தால், மக்கள் வெளியேற வழி எங்கே என்ற கேள்வியை அந்தச் சாம்பல் நாட்டின் முன்னால் வைத்தது.

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடி. நம் நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடியல்ல, இராமநாதபுரத்து ஏர்வாடி. மனநலம் குன்றியோரை வைத்திருந்த கூரைக் கொட்டடியிலே தீ. ஓட வேண்டிய கால்களிலே சங்கிலி! 28 பேர் மாண்டனர். நீதிபதி தலைமையிலே ஆணையம் அமைந்தது.

2004 ஜனவரி 23. திருவரங்கம். திருமண மண்டபத்து மாடியிலே ஓலைப் பந்தல். மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாழ்த்த வந்தவர்கள் வாய்விட்டு அலறினார்கள்.

2004 ஜூலை 16. கும்பகோணம். பள்ளிக்கூடத்துச் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள்! எழுத்துக் கற்கப் போன பிஞ்சுகள்!

திருவரங்கத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தோம். 175 நாட்கள். இரண்டு இடத்திலும் ஓலை. இரண்டு இடத்திலும் கூட்டம். இரண்டு இடத்திலும் இறங்கி ஓடப் போதிய வழி இல்லை. இரண்டு ஊரும் ஒரே காவிரிக் கரை!

நாம் கேட்கிறோம்: திருவரங்கத்திலே சாம்பல் சூடு ஆறுமுன்னே, "மக்கள் கூடும் இடம் எதிலெல்லாம் ஓலைக் கூரை இருக்கிறது, கணக்கெடுத்து முப்பது நாளில் அனுப்பு" என்று ஓர் ஆணை பறந்திருந்தால், கிராம அலுவலர்கள் அதைச் செய்து முடித்திருக்க மாட்டார்களா? வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாகப் போகத் தெரிந்த சர்க்காருக்கு, பள்ளிக்கூடத்துக் கூரையை நிமிர்ந்து பார்க்கத் தெரியாதா?

தெரியும். அதுதான் வேதனை! கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளிலே இருந்த கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது, கூரைகள் இறங்கின. "ஆராய வேண்டும், நிதி வேண்டும், காலம் வேண்டும்" என்ற சொற்களெல்லாம் அப்போது காணாமற் போயின. செய்ய முடிகிற வேலைதான் அது. ஜனவரியிலே செய்திருந்தால் செலவு கொஞ்சம் கூலி. ஜூலையிலே செய்தபோது கொடுத்த விலை 94 குழந்தைகள்.

அதன் பிறகாவது வேகம் நிலைத்ததா? இந்தியப் பள்ளிகள் அனைத்துக்கும் தீத்தடுப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2009 ஏப்ரல் 13-ல். கும்பகோணம் வழக்கிலே தஞ்சை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஜூலை 30-ல். பத்து ஆண்டும் பதினான்கு நாளும்! அன்று எட்டு வயதிலே உயிர் தப்பிய பிள்ளை, தீர்ப்பு வந்தபோது வாக்களிக்கும் வயதை எட்டியிருந்தது.

டில்லியிலே தூங்கிய ஏடு

கோட்டையை மட்டும் குறை சொல்வது நம் நோக்கமல்ல. டில்லிக்குப் போவோம்.

தீயணைப்பு மாநிலங்களின் பொறுப்பு. அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணையிலே, நகராட்சிகள் ஏற்கத்தக்க பணிகளில் ஒன்றாகவும் அது இடம் பெற்றிருக்கிறது. பொறுப்பு இங்கே, பெரும் பணப்பெட்டி அங்கே. தீயணைப்புப் படைக்கென ஒரு மாதிரிச் சட்ட முன்வரைவை மைய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியது 1958-ல். தமிழ்நாட்டிலே தீயணைப்புப் பணிச் சட்டம் பிறந்தது 1985-ல். இருபத்தேழு ஆண்டு! இடையிலே இங்கே காங்கிரசும் ஆண்டது, கழகங்களும் ஆண்டன. ஆகவே, விரலை நீட்டும்போது நம் பக்கம் திரும்பியிருக்கும் மூன்று விரல்களையும் மறைக்க மாட்டோம்.

பிறகு, நாடு முழுதும் தீயணைப்புப் படையின் நிலை என்ன என்று மைய உள்துறை ஓர் ஆய்வு நடத்தச் செய்தது. 2012 வாக்கிலே அதன் முடிவு வந்தது. நாட்டுக்குத் தேவையான தீயணைப்பு நிலையங்கள் 8,559, இருந்தவை 2,987. நூறு நிலையம் வேண்டிய இடத்திலே முப்பத்தைந்துதான்! வீடு எரிந்தால் ஓடி வர ஆளில்லாத ஊர்களே நாட்டில் மிகுதி என்று சர்க்காரின் சொந்தத் தாளே சாட்சி சொன்னது.

அந்தத் தாளைப் படித்தவர்கள் மறுநாளே எழுந்தார்களா? இல்லை. பதினைந்தாவது நிதிக் குழு பரிந்துரைத்து, மாநிலங்களின் தீயணைப்புப் பணிகளை விரிவாக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை மைய அரசு தொடங்கியது 2023 ஜூலையில். பதினோராண்டு! அதிலும் மொத்தச் செலவிலே கால் பங்கை நம்மைப் போன்ற மாநிலங்கள் தம் கையிலிருந்து போட வேண்டும். நம் வரிப்பணம் டில்லிக்குப் போகும்போது விரைவு ரயிலிலே போகிறது. திரும்பி வரும்போது கட்டை வண்டியிலே வருகிறது. மாநிலத்துக்கு உரிமை வேண்டும் என்று நாம் கேட்பது மேடை அலங்காரத்துக்கா? தீயணைக்கும் வண்டி வாங்கவும் பதினோராண்டு காத்திருக்கக் கூடாது என்பதற்காகவும்தான்!

இலண்டன் தரும் எச்சரிக்கை

"வளராத நாடு, அதனால் இந்தத் தாமதம்" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். வளர்ந்த நாட்டையும் பார்ப்போம்.

இலண்டன் மாநகரின் தென்பகுதியிலே லக்கனால் ஹவுஸ் என்ற அடுக்கு மாடிக் குடியிருப்பு. 2009 ஜூலை 3-ல் அங்கே தீ. ஆறு பேர் மாண்டனர், மூவர் குழந்தைகள். மரண விசாரணை அதிகாரி 2013-ல் பரிந்துரை சொன்னார்: கட்டடத் தீப்பாதுகாப்பு விதிகளைத் திருத்துங்கள், தெளிவாக்குங்கள் என்று. மறு ஆய்வு செய்வோம் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆய்வு நடந்தபாடில்லை.

2017 ஜூன் 14. அதே இலண்டன். கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு தீப்பந்தமாக எரிந்தது. 72 பேர் மாண்டனர். உழைத்துப் பிழைப்போரும், வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியோரும் நிறைந்திருந்த கட்டடம் அது. அந்தத் தீயைப் பற்றிய விசாரணையின் இறுதி அறிக்கை வந்தது 2024 செப்டம்பர் 4-ல். ஏழாண்டு கழித்து!

முதல் தீயின் ஆய்வு உரிய நாளிலே முடிந்திருந்தால் இரண்டாவது தீ மூண்டே இராது என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. ஆனால், எட்டாண்டு இடைவெளி கிடைத்தும் பாடம் படிக்காமல் விட்டார்கள் என்பதை எவர் மறுக்க முடியும்? சீமையானாலும் சரி, செங்கற்பட்டானாலும் சரி, ஏழை குடியிருக்கும் கட்டடத்தைப் பற்றிய கோப்பு மெதுவாகத்தான் நகர்கிறது. மாளிகைக்கு மின்கம்பி அறுந்தால் மறுமணியிலே ஆள் வருகிறான். குடிசைக்கு நெருப்பு வந்தால் மறு ஆண்டிலே அறிக்கை வருகிறது!

பொருநைக் கரையிலே

இனி நம் ஊருக்கு வருவோம். நெல்லுக்கு வேலி அமைந்த கதையைச் சொல்லித் திருநெல்வேலி என்று பெயர் வைத்தார்கள். புராணம் நம் வழக்கமல்ல. பெயரை மட்டும் எடுத்துக் கொள்வோம். நெல்லுக்கு வேலி இருந்தது சரி. உழைக்கும் மனிதனுக்கு வேலி எங்கே?

பொதிகையிலே பிறந்து புன்னைக்காயலிலே கடலைச் சேரும் பொருநையின் கரையிலே என்ன தொழில் நடக்கிறது என்று பாருங்கள். பத்தமடையிலே கோரைப்பாய். முக்கூடலிலே பீடி. மேலப்பாளையத்திலே தறி. விக்கிரமசிங்கபுரத்திலே 1880-களிலே தொடங்கிய நூலாலை. கீழ்த்திசையிலே பனையோலை. கோரை, புகையிலை, நூல், பஞ்சு, ஓலை! இங்கே தொழிலாளி கையால் தொடும் பொருளெல்லாம் எரியும் பொருள். தீபாவளிக்கு முன்னே டவுண் ரத வீதிகளிலே தோளோடு தோள் உரசும் கூட்டம். ஆடி அமாவாசைக்குக் காரையாற்றிலே குடில் போட்டுத் தங்கும் கூட்டம். இராமையன்பட்டியிலே மாநகராட்சிக் குப்பை மேடு எரிந்தபோதெல்லாம் புகையைக் குடித்தது சுற்று வட்டார மக்களின் நெஞ்சு.

தீயணைப்புப் படைக்குத் தீ ஒன்றுதானா வேலை? அதன் முழுப்பெயர் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. 2022 மே 14 இரவு, அடைமிதிப்பான்குளத்துக் கல் குவாரியிலே பாறை சரிந்து ஆறு தொழிலாளர் ஆழப் பள்ளத்திலே சிக்கினார்கள். நம் மாவட்டத்துத் தீயணைப்பு வீரர்கள் உயிரைப் பணயம் வைத்து இறங்கினார்கள். மேலும் மேலும் பாறை சரிந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படை வர வேண்டியிருந்தது; எங்கேயிருந்து? அரக்கோணத்திலிருந்து! தமிழ்நாட்டின் தென்கோடிக்கு வடகோடியிலிருந்து! ஆறு பேரிலே நால்வர் மாண்டனர். மாவட்டத்துக் குவாரிகளையெல்லாம் அதிகாரிகள் ஒன்று விடாமல் ஆய்வு செய்யப் புறப்பட்டது எப்போது? நால்வர் மாண்ட பிறகு! பள்ளம் ஒரே இரவிலா அவ்வளவு ஆழமாயிற்று? அது ஆழமாக ஆழமாக, ஆய்வு எங்கே இருந்தது?

அடுத்த ஆண்டே, 2023 டிசம்பர் 17, 18-ல் வானம் பிளந்தது. காயல்பட்டினத்திலே ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. பொருநை கரை புரண்டது. நெல்லைச் சந்திப்பு வெள்ளக்காடாயிற்று. ஸ்ரீவைகுண்டத்திலே ஒரு ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளும் வெளியேற வழியின்றித் தவித்தார்கள். அப்போதும் கழுத்தளவு நீரிலே இறங்கியவர்களில் தீயணைப்பு வீரர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் படகு போதுமாக இருந்ததா, கயிறு போதுமாக இருந்ததா, எந்த ஊரிலே யார் முதலில் போக வேண்டும் என்ற திட்டம் இருந்ததா என்று கேட்டறிந்து, அடுத்த மழைக்கு முன்னே மக்கள் மன்றத்திலே வைப்பதல்லவா ஆய்வு? 2015 டிசம்பரிலே சென்னை மூழ்கியது. அதைப் பற்றிய தணிக்கை அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையிலே. இரண்டரை ஆண்டு! இடையிலே மழைக்காலம் இரண்டு முறை வந்து போயிற்று. மழை ஒத்திவைப்புத் தீர்மானத்துக்குக் கட்டுப்படுவதில்லை!

செத்தால் மாலை, இருந்தால்?

படையிலே இருப்பவனும் ஒரு தொழிலாளிதான் என்பதைத் தோழர்கள் மறக்கக் கூடாது. 2020 நவம்பர் 14, தீபாவளி நாள். ஊரெல்லாம் பலகாரம் உண்ட வேளை. மதுரை விளக்குத்தூண் பகுதியிலே ஒரு துணிக்கடையில் தீ. பழைய கட்டடம், ஒடுங்கிய தெரு. தீயோடு போராடிக் கொண்டிருந்த இரண்டு வீரர்கள் மேல் சுவர் இடிந்து விழுந்தது. இருவரும் மாண்டனர். 2012 ஜனவரியிலே சென்னைச் சேப்பாக்கத்து எழிலகம் வளாகத்திலே, அரசாங்கத்தின் சொந்தக் கட்டடம் எரிந்தபோதும் ஒரு வீரரை இழந்தோம். அரசாங்கக் கட்டடத்துக்கே அந்தக் கதி!

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ல் தீயணைப்பு வீரர் நினைவு நாள் கொண்டாடுகிறார்கள். 1944-ல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்திலே வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது மாண்ட வீரர்களின் நினைவாக வந்த நாள் அது. மலர் வளையம் வைக்கிறார்கள். கொம்பு ஊதுகிறார்கள். நல்லது. ஆனால் செத்தவனுக்கு மலர் வளையம் வைக்கும் கையே, உயிரோடிருப்பவனின் கோப்பைக் கட்டி வைக்கிறதே! எந்தக் கட்டடம் இடியும் நிலையிலே இருக்கிறது என்ற பட்டியல் வண்டியிலே ஏறும்போதே அவன் கையிலே இருந்தால், அவன் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று தெரிந்து கொள்வானே! ஆய்வு தாமதமானால் அதற்கான விலையை முதலிலே கொடுப்பவன் குழாயைப் பிடித்து முன்வரிசையில் நிற்கும் அந்தத் தொழிலாளிதான்.

"அவசரப்பட்டால் ஆய்வு அரைகுறையாகும், நீதி பிழைபடும்" என்று ஒரு வாதம் உண்டு. அதை நாம் எள்ளி நகையாடவில்லை. யார் குற்றவாளி என்று தீர்ப்பதற்குச் சாட்சியும் குறுக்கு விசாரணையும் வேண்டும், காலம் பிடிக்கும். ஆனால் எது ஆபத்து என்று சொல்வதற்கு அவ்வளவு காலம் எதற்கு? ஓலை எரியும் என்பதை நிறுவக் குறுக்கு விசாரணை வேண்டுமா? பூட்டிய கதவு திறக்காது என்பதற்குச் சாட்சிப் பட்டியல் வேண்டுமா? குற்றத்தை ஆராயும் ஆய்வு நிதானமாக நடக்கட்டும். ஆபத்தை அகற்றும் ஆய்வு மூன்றே மாதத்திலே முடியட்டும். இரண்டையும் ஒரே கட்டிலே கட்டி, மெதுவானதற்காக அவசரமானதையும் நிறுத்தி வைப்பதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

நாம் கேட்பது என்ன?

2025-ல் தமிழ்நாடு அரசு தீ ஆணையம் ஒன்றை அமைத்தது. காவல்துறைத் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற சங்கர் ஜிவால் அதன் தலைவராக நியமிக்கப்பட்டார். ஆணையம் கண்டதை வரவேற்கிறோம், மனமார வரவேற்கிறோம். வரவேற்ற வாயாலேயே கேட்கவும் செய்கிறோம்: ஆணையத்துக்குத் தொடக்க நாள் இருக்கிறதே, முடிவு நாளும் எல்லார்க்கும் தெரிய வேண்டாமா? எந்தக் கட்சி ஆட்சியிலே அமர்ந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்போம். நம்மவர் ஆட்சியானால் இரண்டு மடங்கு உரத்துக் கேட்போம். உரிமையோடு கேட்கும் இடம் அதுதானே!

நாம் கேட்பவை நான்கே.

முதலாவது, பெருந்தீ, பேரிடர் எதுவாயினும், ஆபத்தைப் பற்றிய முதல் அறிக்கை 90 நாளிலே வர வேண்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அமைச்சர் சட்டமன்றத்திலே எழுந்து சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வந்த அறிக்கை ஆங்கிலத்திலே அடைபட்டுக் கிடக்கக் கூடாது. தமிழிலே அச்சாகி ஊராட்சி மன்றத்திலும் நகராட்சி அலுவலகத்திலும் தொழிலாளி எட்டிப் படிக்கும் உயரத்திலே தொங்க வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே மூன்று கட்டம் வேண்டும்: செய்ய வேண்டியவர் யார், எந்த நாளுக்குள், செய்தாயிற்றா. மளிகைக் கடைக்காரர் பற்று வரவு எழுதுவதுபோல! அரசாங்கத்துக்கு அது தெரியாத வித்தையல்ல.

நான்காவது, குழுவிலே அதிகாரிகள் மட்டும் அமர்ந்தால் போதாது. குழாய் பிடித்த தீயணைப்பு வீரர் ஒருவரும், ஆலைத் தொழிலாளர் ஒருவரும் அமர வேண்டும். நெருப்பின் வெப்பம் தெரிந்தவன் கோப்பை உறங்க விடமாட்டான்.

தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கேட்பதோடு நம் கடமை தீர்ந்து விடாது. அடுத்த கிளைக் கூட்டத்திலே ஒரு தாளை எடுங்கள். நம் ஊருக்கு மிக அருகிலுள்ள தீயணைப்பு நிலையம் எது? அங்கிருந்து நம் தெருவுக்கு வண்டி வர எத்தனை நிமிடம்? வண்டி நுழைய முடியாத சந்து எது? கோடையிலே வண்டிக்குத் தண்ணீர் எடுக்கக் குளமா, கிணறா, குழாயா? நம் பள்ளியிலே, நம் மண்டபத்திலே, நம் பட்டறையிலே கடைசியாகத் தீத்தடுப்புச் சோதனை நடந்தது எந்த நாளிலே? இந்த ஐந்தையும் எழுதுங்கள். விடை தெரியாத இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள். அந்தத் தாளை மாமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனுநாளிலே கொடுங்கள். ஒப்புதல் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். முப்பது நாள் கழித்து அதே திங்கட்கிழமை அதே வாசலிலே போய் நில்லுங்கள்.

அது சின்ன வேலை என்று எண்ணாதீர்கள். கொடி பிடிப்பதும், சுவரொட்டி ஒட்டுவதும், மாநாட்டுக்கு வண்டி பிடிப்பதும் இயக்கப் பணிதான். ஒரு பூட்டிய கதவைத் திறக்க வைப்பதும், ஒரு கீற்றுக் கூரையை இறக்க வைப்பதும் இயக்கப் பணிதான். அந்தக் கதவு வழியாகத் தப்பிப் பிழைக்கும் குழந்தை எந்தக் கட்சிக்காரன் வீட்டுக் குழந்தை என்று யாரும் கேட்கப் போவதில்லை.

பேட்டைப் பெரியவரே! உங்கள் கேள்விக்கு நாம் கண்ட விடை இதுதான். அறிக்கை வர எத்தனை நாளாகும் என்று அவர்கள் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் தெரியுமா? இதுவரை நாள் குறிக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை, அதனால்தான். வண்டி தாமதமானால் தெருவே திரண்டு கேட்கிறது. அறிக்கை தாமதமானால் ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டு விட்டீர்கள். இனி நாமும் கேட்போம். அடுத்த கூட்டத்துக்குப் பேட்டைக்கு வரும்போது, கிளைத் தோழர்கள் எழுதிய அந்தத் தாளை உங்கள் கையிலே கொடுக்கிறோம். வெற்றிடம் எத்தனை என்று நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்.